சந்தனக் கலர் கேட்டு வாங்குவது எப்படி: மதுரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரைக்குக் குடிவந்த எவரும் முதல் வருடத்துக்குள் துணிக்கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் போகாமல் இருக்க முடியாது. இரண்டு இடத்திலும் “ரொம்ப அடிக்காத கலரா வேணும்” என்று சொன்னால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “சந்தனம் போடவா?” சரி என்று தலையாட்டினால் ஒரு கடையில் கிட்டத்தட்ட வெள்ளையாக ஒன்று வரும், அடுத்த கடையில் நல்ல மஞ்சளாக ஒன்று வரும், மூன்றாவது கடையில் பழுப்படித்த ஒன்றை விரித்துப் போடுவார்கள். மூன்று பேரும் ஏமாற்றவில்லை. சந்தனம் என்ற சொல் உங்களை அலமாரி வரைக்கும்தான் கூட்டிப்போகும். அதற்குப் பிறகு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில்: எந்தச் சந்தனம் என்று முடிவு செய்யுங்கள்

சந்தன மரத்தின் வெளிப்பகுதி ஏறக்குறைய வெள்ளை, அதில் மணம் கிடையாது. மணமுள்ள வைரப்பகுதி மஞ்சளோடிய பழுப்பு. அந்தக் கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி எடுத்தால் ஈரத்தில் ஒரு நிறம், நெற்றியில் இட்டுக் காய்ந்தபின் அதைவிட வெளிராக இன்னொரு நிறம். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்து வைத்திருக்கிறார்களே, அது பெரும்பாலும் கடையில் வாங்கிய பொடி. அதில் மஞ்சள் தூக்கலாக இருக்கும்.

ஆக, ஒரே சொல்லுக்குள் மூன்று நிறம் உட்கார்ந்திருக்கிறது. நம் வசதிக்காக அவற்றைக் கட்டைச் சந்தனம், காய்ந்த சந்தனம், கிண்ணச் சந்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர்கள் கடையில் செல்லாது, மனதில் வைத்துக்கொள்ள மட்டும். முதலாவது பழுப்புப் பக்கம் சாய்வது. இரண்டாவது வெள்ளைப் பக்கம். மூன்றாவது மஞ்சள் பக்கம். வீட்டை விட்டுக் கிளம்புமுன் இந்த மூன்றில் எது வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. செஞ்சந்தனத்தை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு மரம், சிவப்பு நிறம், இந்தக் கணக்கில் வராது.

அப்புறம்: அக்கம்பக்கத்துப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிர் நிறங்களுக்குக் கடையில் புழங்கும் பெயர்கள் புத்தகத்தில் இருக்கும் பெயர்கள் அல்ல. ‘தந்த நிறம்’ என்று அகராதியில் படித்துவிட்டுக் கேட்டால் விற்பனையாளர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஐவரி என்றால் எடுத்துப் போட்டுவிடுவார்.

வெள்ளைக்கு மிக அருகில் இருப்பது ஹாஃப் ஒயிட். ஆஃப் ஒயிட் என்று சொன்னாலும் புரியும், ஆனால் காதில் விழுவது ஹாஃப் ஒயிட்தான். அதில் ஒரு துளி மஞ்சள் கூடினால் க்ரீம். இன்னும் கொஞ்சம் கூடினால் சந்தனம். சந்தனத்தில் மஞ்சள் குறைந்து பழுப்பு ஏறினால் பிஸ்கட் கலர். மஞ்சளே மேலோங்கினால் அது சந்தனம் இல்லை, இளமஞ்சள் அல்லது லெமன். கொஞ்சம் சிவப்பு கலந்தால் ஸ்கின் கலர், இன்னும் சிவந்தால் வெங்காயக் கலர். இந்த வரிசையை ஒரு முறை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சந்தனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கலாம், ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது.

இன்னொரு சொல் சேலைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும்: இங்கிலீஷ் கலர். இது ஒரு தனி நிறம் அல்ல. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று நமக்குப் பழகிய அழுத்தமான வண்ணங்களில் சேராத, பால் கலந்தது போன்ற மெல்லிய நிறங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். வெளிர் ஊதா, பிஸ்தா, லேசான சாம்பல் நீலம் எல்லாம் அதில் அடக்கம். “இங்கிலீஷ் கலரா காட்டுங்க” என்று கேட்டால் அலமாரியின் அந்தப் பக்கமே இறங்கிவரும். ஆனால் சந்தனத்தை அந்தக் கட்டில் வைக்க மாட்டார்கள். அது நம்மூர்க் கலர்.

எழுதும்போது வெளிர், இள என்ற இரண்டு முன்னொட்டும் கைகொடுக்கும்: வெளிர் நீலம், இளம்பச்சை, இளஞ்சிவப்பு. ஆனால் ‘வெளிர்’ வேறு, ‘வெளிறிய’ வேறு. வெளிறியது என்றால் இருந்த நிறம் போய்விட்டது என்று அர்த்தம். பயத்தில் முகம் வெளிறும், வெயிலில் திரை வெளிறும். அதேபோல ‘வெளுத்த’ என்றால் துவைத்துத் துவைத்துச் சாயம் போனது. ‘பழுப்பேறிய’ என்றால் வெள்ளையாக இருந்தது கெட்டுவிட்டது. கடைக்காரரிடம் “வெளுத்த கலர் இருக்கா” என்று கேட்டால் அவர் சிரித்துவிட்டு எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு அத்தை தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த சேலையைக் காட்டும்போது “வெளுத்த கலரா அழகா இருக்கு” என்று சொல்லிவிடாதீர்கள். ‘மங்கலா இருக்கு’ என்பது இன்னும் மோசம்.

இது சும்மா வார்த்தை விளையாட்டு இல்லை. விசேஷத்துக்கு வெறும் வெள்ளை கூடாது என்று தடுக்கும் பெரியவர்கள் சந்தனத்துக்குத் தலையாட்டுவார்கள். சந்தனம் மங்கலப் பொருள், தாம்பூலத் தட்டில் இருப்பது. அதே துணியை ‘ஹாஃப் ஒயிட்’ என்று அறிமுகம் செய்தால் “எதுக்கு வெள்ளை?” என்ற பேச்சு எழும். எனவே நிறம் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பெயரைச் சந்தனம் பக்கம் சாய்த்துச் சொல்லுங்கள். பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. இந்த ஊரில் நிறத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் பழக்கம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று கூட்டமே எட்டிப்பார்க்கும், பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு என்பது நம்பிக்கை. அப்படிப்பட்ட ஊரில் நிறத்தின் பெயரை அலட்சியமாக உச்சரிக்கக் கூடாது.

கடையில் கேட்பது

பெயர், சாய்வு, அழுத்தம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். “அண்ணே, சந்தனத்துல மஞ்சள் அடிக்காம, கொஞ்சம் ஹாஃப் ஒயிட் பக்கமா போடுங்க.” இதில் சந்தனம் பெயர், மஞ்சள் அடிக்காமல் என்பது சாய்வு, ஹாஃப் ஒயிட் பக்கம் என்பது அழுத்தம். பழுப்புச் சாய்வு வேண்டுமானால், “சந்தனம்தான், ஆனா பிஸ்கட்டுக்கு ஒரு படி முன்னாடி நிக்கணும்.” இப்படிக் கேட்டால் விற்பனையாளர் பத்துச் சேலை இறக்குவதற்குப் பதில் மூன்றோடு நிறுத்துவார். அவருக்கும் மடித்து வைக்கும் வேலை மிச்சம். அக்காமார்களிடம் கேட்பதாக இருந்தாலும் இதே முறைதான்.

எடுத்துப் போட்டபின் ஒற்றைத் துணியைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிர் நிறத்தைத் தனியாகப் பார்த்தால் கண்ணுக்குச் சாய்வு பிடிபடாது, எல்லாம் ‘ஏதோ ஒரு க்ரீம்’ என்றுதான் தோன்றும். பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை வைக்கச் சொல்லுங்கள். உடனே ஒன்று பச்சைப் பக்கம் போகிறது, இன்னொன்று ரோஸ் பக்கம் போகிறது என்று தெளிவாகத் தெரியும். வேட்டி எடுத்துத் தரச் சலித்துக்கொண்டால் உங்கள் கைக்குட்டையோ பில் புத்தகத்தின் வெள்ளைத் தாளோ போதும்.

வெளிச்சம்

சந்தனம் வாங்கி ஏமாந்தோம் என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலானோர் விளக்கைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பார்கள். பட்டுப் பிரிவில் சரிகை மின்ன வேண்டும் என்று மஞ்சள் விளக்கு போட்டிருப்பார்கள். அதன் கீழ் ஹாஃப் ஒயிட்டும் சந்தனமாகத் தெரியும், சந்தனம் தங்கமாகத் தெரியும். பருத்திப் பிரிவில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அங்கே அதே சந்தனம் சோர்ந்துபோய்ச் சாம்பலாக நிற்கும்.

வழி ஒன்றுதான், துணியோடு வாசலுக்குப் போவது. விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கத்துக் கடைகளில் இது வழக்கமான காரியம். “வெளிச்சத்துல பாத்துக்கிறேன்” என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கூடவே ஒரு பையன் வருவார், அவ்வளவுதான். நேர் வெயிலில் பிடிக்காதீர்கள். வெயில் எல்லா வெளிர் நிறத்தையும் வெள்ளையாக்கிவிடும். வாசல் நிழலில் பிடித்துப் பாருங்கள். காலையில் கடை திறந்த கையோடு போவது நல்லது. மாலை ஆறு மணிக்கு மேல் போய்ச் சந்தனம் வாங்காதீர்கள். அரக்கு வாங்கலாம், அதில் இந்தத் தொல்லை குறைவு.

கண்ணைப் பழக்க வேண்டுமானால் விளக்குத்தூணிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் திருமலை நாயக்கர் மஹால் இருக்கிறது, 1636-இல் கட்டியது. உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்களையும் வளைவுகளையும் ஒரு காலை வேளையில் பாருங்கள். வெயில் படும் பக்கம் ஹாஃப் ஒயிட், நிழல் பக்கம் சந்தனம், உள்ளே போகப் போகப் பிஸ்கட். பூச்சு ஒன்றுதான். இதைப் பார்த்தபின் கடை விளக்கை நம்ப மாட்டீர்கள்.

சேலை, ரவிக்கை, வேட்டி

ரவிக்கைத் துணி வாங்க மேட்சிங் சென்டருக்குப் போகும்போது சேலையையே கொண்டுபோங்கள். செல்போனில் எடுத்த படம் வேண்டாம். கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைத் திருத்தும், வெளிர் நிறத்தில் அந்தத் திருத்தம்தான் முதலில் தெரியும். சேலையைத் தூக்கிப் போக முடியாவிட்டால் உள்பக்கத் தையலிலிருந்து நாலு இழை நூல் எடுத்துப் போனாலும் பரவாயில்லை. கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் டூ பை டூ ரூபியா என்ற ரவிக்கைத் துணியில் சந்தனம் என்று நாலைந்து இருக்கும். முந்தானையோடு வைத்துப் பார்க்காதீர்கள், அங்கே சரிகை கண்ணை இழுத்துக்கொள்ளும். உடல் பகுதியோடு வைத்துப் பாருங்கள்.

லைனிங் வெள்ளையில் கொடுத்தால் மெல்லிய சந்தன ரவிக்கை வெளுத்துத் தெரியும், தையல் விளிம்பும் வெளியே காட்டும். ஸ்கின் கலர் லைனிங் போடச் சொல்லுங்கள். தையல் நூல் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு: கண்டில் சுற்றியிருக்கும்போது நூல் அடர்த்தியாகத் தெரியும், ஒற்றை இழையாகத் தைத்தபின் வெளிராகிவிடும். அதனால் துணியைவிட ஒரு படி அழுத்தமான நூலை எடுங்கள். நெடுங்காலம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல் போட்டவர்கள் இப்போது அங்கே இல்லை, அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பழைய வழிகாட்டியை நம்பி மண்டபத்தில் போய் நிற்காதீர்கள்.

சுங்குடிச் சேலைக்கு வருவோம். மதுரைக்கு வந்துவிட்டு அதை எடுக்காமல் இருக்க முடியாது. சௌராஷ்டிர மக்கள் வழிவழியாகச் செய்துவரும் தொழில், 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் வெளிர் நிறத்தின் வேலையே வேறு. துணியில் சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் புள்ளி. வெள்ளைத் துணியில் கட்டி அரக்கில் முக்கினால் அரக்குத் தரையில் வெள்ளைப் புள்ளி. முதலில் சந்தனத்தில் முக்கி, பிறகு கட்டி, அப்புறம் அரக்கில் முக்கினால் அரக்குத் தரையில் சந்தனப் புள்ளி. வெளிரிலிருந்து அழுத்தத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியில்லை.

இதிலிருந்து வாங்குகிறவருக்கு ஒரு பாடம் உண்டு. சந்தனத் தரையில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடி கையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும், கட்டிக்கொண்டு ஆறடி தள்ளி நின்றால் புள்ளியே தெரியாது. உழைப்பெல்லாம் வீண். சந்தனம் பிடித்தவர்கள் சந்தனப் புள்ளி வைத்த அழுத்தமான தரையை எடுக்கலாம். அல்லது உடல் சந்தனமாகவும் கரை அரக்கோ பாட்டில் பச்சையோ ஆகவும் எடுக்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. வெயில் காலத்தில் மதியம் பஸ்ஸில் போகும்போது அதன் அருமை தெரியும். கையால் கட்டியதா என்று பார்க்கப் புள்ளி உள்ள இடத்தைத் தடவிப் பாருங்கள். கட்டி அவிழ்த்த இடம் சுருங்கி மேடாக நிற்கும், அச்சடித்தது தட்டையாக இருக்கும்.

கரை அழுத்தமாக இருந்தால் சாயம் இறங்குமா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள். கைக்குட்டை நுனியை நனைத்துக் கரையின் உள்பக்கம் நாலு தேய் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் முதல் துவைப்பிலேயே சந்தன உடல் ரோஸாகிவிடும். கடைக்காரர் “உப்புல ஊற வைங்க, நின்னுரும்” என்பார். அதை நம்பி வாங்காதீர்கள்.

வேட்டியில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைப் பட்டு வேட்டி க்ரீமோ சந்தனமோ வரும். சட்டைத் துணியை அதே கட்டில், அதே கடையில், அதே நாளில் எடுத்துவிடுங்கள்.

சுவருக்குச் சந்தனம்

பெயிண்ட் கடையில் சந்தனம் என்ற பேச்சைக் கதவோடு விட்டுவிடுங்கள். ஷேட் கார்டில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கும், அந்தப் பெயரும் முக்கியமில்லை. அதன் கீழ் உள்ள எண்தான் முக்கியம். அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு சுவருக்கு மட்டும் அடிக்க வேண்டி வந்தால் “போன தடவை அடிச்ச சந்தனம்” என்று சொல்லி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அட்டையில் இரண்டு விரல் அகலத்தில் பார்த்த நிறம் நாலு சுவரிலும் ஏறினால் மிக அழுத்தமாகத் தெரியும். ஒரு சுவரின் மஞ்சள் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும். ஆகவே பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிரான எண்ணை எடுங்கள். சின்ன டப்பா வாங்கி இரண்டு சுவரில் இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு விளக்கில் என்று மூன்று வேளையும் பாருங்கள். மதுரையின் பழைய தெருக்களில் எதிர் வீடு கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும். அந்தச் சுவர் கிளிப்பச்சை என்றால் உங்கள் சந்தனத்தில் பச்சை ஏறும். அதைத் தடுக்க முடியாது, கொஞ்சம் சிவப்புச் சாய்வுள்ள சந்தனமாக எடுத்தால் சமாளிக்கலாம். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. சந்தனச் சுவருக்கு நடுவில் உள்ள 4000 பொருந்தும் என்பது என் கருத்து.

பெயிண்டர் இயந்திரக் கலவை வேண்டாம், வெள்ளையில் ஸ்டெய்னர் என்ற நிறமூட்டும் திரவத்தை ஊற்றிக் கலந்து தருகிறேன் என்பார். செலவு குறையும், கெட்ட யோசனை இல்லை. ஆனால் எந்த ஸ்டெய்னர் என்று கேளுங்கள். எல்லோ ஆக்சைடு என்றால் மண் மஞ்சள், அதுதான் சந்தனம் தரும். ஃபாஸ்ட் எல்லோ என்றால் எலுமிச்சைப் பக்கம் போய்விடும். முழு வீட்டுக்கும் வேண்டியதை ஒரே டிரம்மில் ஒரே நாளில் கலக்கச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது, எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் சரி.

கிராமத்துப் பக்கம் இன்னும் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் காவி கலந்தால் அருமையான சந்தனம் கிடைக்கும். ஈரத்தில் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு காய்ந்தால் நன்றாக வெளிராகும், எமல்ஷன் பெயிண்ட் பொதுவாக அதற்கு நேர்மாறாகக் காய்ந்தபின் சற்று அழுத்தமாகும். வெளிச்சுவர் என்றால் தரையிலிருந்து இரண்டடிக்குக் காவியிலோ பழுப்பிலோ ஒரு பட்டை ஓட்டிவிடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் ஒரு மழைக்கே சந்தனச் சுவரில் கோலம் போட்டுவிடும்.

இணையத்தில் தேடுவது

தேடும் பெட்டியில் சாண்டல் என்று போட்டால் செருப்பு வந்து குவியும். சந்தன நிறத்தைச் சாண்டல் என்பது நம் நாட்டு வழக்கு. நம்மூர் விற்பனையாளர் தளம் என்றால் சாண்டல் கலர் சேலை, சாண்டல் கலர் சட்டை என்று பொருளையும் சேர்த்துப் போடுங்கள். வெளிநாட்டுத் தளம் என்றால் க்ரீம் அல்லது பீஜ். திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் வெளிர் நிறமே வாங்காதீர்கள்.

வாங்கியபின்

சந்தனத் துணியின் முதல் எதிரி நீலம். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும் வாளியில் இதையும் முக்கினால் மஞ்சளும் நீலமும் சேர்ந்து அழுக்குப் பச்சையாகும். வெள்ளைத் துணிக்கென்று விற்கும் சலவைத் தூளும் வேண்டாம். அதில் துணியைப் பளிச்சென்று நீலவெள்ளையாகக் காட்டும் பொருள் இருக்கும், பத்துத் துவைப்பில் சந்தனம் ஹாஃப் ஒயிட்டாகிவிடும். உங்கள் பகுதியில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் துணியில் சாம்பல் படிவாகத் தங்கும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள். நிழலில், உள்பக்கம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள். சலவைக்குப் போடுவதாக இருந்தால் கட்டில் தனியாக முடிந்து, “இதுக்கு நீலம் வேண்டாம்ணே” என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் போட்டுவிடுவார்கள்.